கம்பூசியாவை விட்டால் மலேரியா போய்விடுமா?

வாளையாறு சோதனைச்சாவடியைத் தாண்டிவிட்டால் தண்ணீர்க் கவலை தீர்ந்தது என்று தமிழ்நாட்டில் பலரும் நினைக்கிறோம். பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரம் அப்படிப்பட்டதல்ல. கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி ஊராட்சிகள் மழை குறைந்த பூமி. தென்மேற்குப் பருவத்தில் கேரளமே ஊறிக் கிடக்கும் நாட்களில்கூட இங்கே தூறலோடு நின்றுபோவது உண்டு. கரிசல் மண், நிலக்கடலை, பனை, தென்னை, வருடத்துக்கு வருடம் ஆழம் கூடிக்கொண்டே போகும் போர்வெல்கள். ஊர்ப் பேச்சில் பெரும்பகுதி தமிழ்தான். தெற்கே இடுக்கி மாவட்டத்தின் எல்லையிலும் இதே நிலைமை. மறையூரிலிருந்து சின்னாறு வரை இறங்கினால் முள்மரக் காடும் வறண்ட பாறையுமாகவே வழி நெடுக இருக்கும்.

பாலக்காட்டின் கிழக்கு ஊர்களுக்குத் தண்ணீர் என்பது அரசியல், வழக்கு, போராட்டம் எல்லாம் சேர்ந்தது. பறம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தம் 1970 மே 29 அன்று கையெழுத்தானது. அதன்படி ஆண்டுக்கு 7.25 டிஎம்சி தண்ணீரை மணக்கடவில் அளந்து பாலக்காட்டுச் சித்தூர்ப்புழைக்குத் தர வேண்டும். அந்தத் தண்ணீர் மூலத்தறையில் தடுக்கப்பட்டு வாய்க்கால்களில் பிரிகிறது. வலதுகரைக் கால்வாயைக் கோரையாறு வரையிலும், அங்கிருந்து வரட்டையாறு வரையிலும் நீட்டி, கடைக்கோடி ஊராட்சிகளுக்குத் தண்ணீர் கொடுக்க வேண்டும் என்பது அந்த மக்களின் நெடுநாள் கோரிக்கை. நியாயமான கோரிக்கை. தண்ணீர் வர வேண்டும்.

வறண்ட பூமிக்குப் புதிதாகத் தண்ணீர் வரும்போது கூடவே வரக்கூடிய இன்னொன்றைப் பற்றி மட்டும் யாரும் பேசுவதில்லை. அதுதான் மலேரியா. பேச்சு எழுந்தாலும் உடனே கிடைக்கும் பதில் மீன். கேரளத்தில் கப்பி, தமிழ்நாட்டில் கம்பூசியா. பாலிதீன் பையில் மீன் குஞ்சுகளைக் கொண்டுவந்து, தலைவரும் அதிகாரிகளும் குளத்தில் விடுவதைப் படமெடுத்துக்கொண்டால் கொசு ஒழிப்பு முடிந்ததாகக் கணக்கு. கால்வாய்ப் பாசனம் பரவும் இந்த எல்லை நிலத்துக்கு அந்தப் பதில் போதாது. பல இடங்களில் அது கேடும்கூட.

இதைச் சொல்வதற்கு வெளிநாட்டு உதாரணம் தேவையில்லை. பட்டுக்கோட்டை போதும்.

மேட்டூர் அணை 1934 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. அதே திட்டத்தின் அங்கமாகப் புதிதாக வெட்டப்பட்ட கல்லணைக் கால்வாய், அதுவரை மழையையும் ஏரியையும் நம்பியிருந்த பட்டுக்கோட்டை வட்டாரத்துக்குக் காவிரியைக் கொண்டுபோனது. வானம் பார்த்த பூமி நஞ்சையானது. சில ஆண்டுகளிலேயே ஊர் ஊராகக் குளிர்காய்ச்சல் பரவியது. ராக்ஃபெல்லர் அறக்கட்டளையைச் சேர்ந்த பால் ரஸ்ஸல் என்ற மலேரியா நிபுணர் அங்கே முகாமிட்டு ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார். அவருடைய குழுவில் நம்மவர்களும் இருந்தார்கள். பிற்காலத்தில் இந்திய அனாஃபிலிஸ் கொசுக்களைப் பற்றிய பெருநூலை எழுதிய டி. ராமச்சந்திர ராவ் அவர்களில் ஒருவர்.

அந்தக் குழுவை யோசிக்க வைத்த விஷயம் ஒன்று உண்டு. பழைய தஞ்சை டெல்டாவில் பல நூற்றாண்டுகளாக நெல் விளைகிறது, கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீர் நிற்கிறது. ஆனால் அங்கே மலேரியா பெரிதாக இல்லை. நேற்று வெட்டிய கால்வாய் ஓடும் பட்டுக்கோட்டையில்தான் இருக்கிறது. வித்தியாசம் தண்ணீரின் அளவில் இல்லை, தண்ணீர் எங்கே, எப்படி நிற்கிறது என்பதில் இருந்தது. கரை போட மண் எடுத்த பள்ளங்களை யாரும் மூடவில்லை. கால்வாய்க் கரையோரம் கசிந்த நீர் தேங்கி நின்றது. பாசனத்துக்கு வாய்க்கால் வெட்டியவர்கள் வடிகால் வெட்டவில்லை. அனாஃபிலிஸ் குலிசிஃபேசிஸ் என்ற கொசுவுக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

இந்தக் கொசுவின் குணத்தை ஊரில் உள்ள ஒவ்வொருவரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். சாக்கடைக்கு அது போவதில்லை. வெயில் படும், தெளிந்த, புதிய தண்ணீர்தான் அதற்கு வேண்டும். நடவு முடிந்த புதிதில், நாற்றுகளுக்கிடையே வானம் தெரியும் வயலில் முட்டையிடும். பயிர் ஓரடிக்கு மேல் வளர்ந்து நெருங்கிவிட்டால் அந்த வயலை விட்டுப் போய்விடும். பயிரின் தண்டுகளே முட்டையிட வரும் கொசுவை மறிக்கின்றன என்பதைப் பட்டுக்கோட்டை ஆராய்ச்சிதான் சோதித்துக் காட்டியது. மனிதனைவிட மாட்டை அதிகம் கடிக்கும் கொசு இது. அதனால் கொசு குறைவாக இருந்தால் நோய் எளிதில் பரவாது, எண்ணிக்கை பெருகினால்தான் பரவும். அப்படிப் பெருக வைப்பது புதுப் பாசனம்.

பெருக்கம் மட்டும் அல்ல, ஆயுளும் கூடுகிறது. நோயாளியைக் கடித்த கொசுவின் உடலுக்குள் மலேரியாக் கிருமி முதிர்ச்சி அடையப் பத்து நாளோ அதற்கு மேலோ ஆகும். கொசு அதுவரை உயிரோடு இருக்க வேண்டும். பாலக்காட்டுக் கணவாயில் அடிக்கும் வறண்ட காற்றில் பெரும்பாலான கொசுக்களுக்கு அவ்வளவு நாள் தாக்குப்பிடிக்க முடியாது. வாய்க்காலும் வயலும் வந்து காற்றில் ஈரம் ஏறினால் அந்தக் கணக்கு மாறிவிடும். ராஜஸ்தானில் இந்திரா காந்தி கால்வாய் போன வழியில் நடந்தது இதுதான். தார்ப் பாலைவனத்தில் 1994-ல் மலேரியா கொள்ளைநோயாக வெடித்தது.

மதகு அடைத்த பிறகு

மூலத்தறையிலோ, எல்லைக்கு இந்தப் பக்கம் பொள்ளாச்சி, உடுமலை வாய்க்கால்களிலோ மதகை அடைத்து ஒரு வாரம் கழித்து இறங்கிப் பார்க்க வேண்டும். ஓட்டம் நின்றிருக்கும், ஆனால் வாய்க்கால் காய்ந்திருக்காது. சிமெண்ட் தளம் பெயர்ந்த குழிகளில், மாடு இறங்கி மிதித்த குளம்படிகளில், மதகுக்குக் கீழே தண்ணீர் அரித்த பள்ளத்தில் கணுக்கால் அளவுக்குத் தெளிந்த நீர் நிற்கும். வெள்ளைப் பீங்கான் கரண்டியால் மொண்டு பார்த்தால், நீர்மட்டத்தோடு ஒட்டிப் படுக்கைவாட்டில் மிதக்கும் புழுக்கள் தெரியும். தலைகீழாகத் தொங்கினால் அது வேறு இனக் கொசு, பெரும்பாலும் க்யூலெக்ஸ். படுத்தபடி மிதப்பது அனாஃபிலிஸ். இந்த வேறுபாட்டைப் பத்து வயதுப் பிள்ளைக்கும் ஐந்து நிமிடத்தில் கற்றுக்கொடுத்துவிடலாம்.

இப்போது மீனுக்கு வருவோம். இப்படியொரு பள்ளத்தில் மீனை விட்டால் என்ன ஆகும்? பத்துப் பதினைந்து நாளில் பள்ளம் காய்ந்து மீன் செத்துப்போகும். அதற்குள் கொசு ஒரு தலைமுறையை முடித்துப் பறந்திருக்கும். அடுத்த சுற்றுத் தண்ணீர் திறந்தால் மிச்சம் மீதி மீனும் அடித்துக்கொண்டு போய்விடும். குளம்படியில் மீன் நீந்த முடியாது. புல் அடர்ந்த கரையோரத்துக்குள் நுழைந்து புழுவைத் தேடிப் பிடிப்பதும் அதற்கு எளிதல்ல. மலேரியாக் கொசு பிறக்கும் இடங்களில் பெரும்பாலானவை மீன் வாழ முடியாத இடங்கள். டெங்குவுக்கும் இதே கதைதான். ரப்பர் தோட்டத்துச் சிரட்டையிலும் வீட்டுக் கொல்லையில் கிடக்கும் டயரிலும் கப்பியை விட முடியுமா?

கம்பூசியாவின் பூர்வீகம் அமெரிக்காவின் தென்பகுதியும் மெக்சிகோவும். 1905-ல் ஹவாய்க்குக் கொண்டுபோனார்கள். 1920-களின் தொடக்கத்தில் ஸ்பெயினுக்கும் இத்தாலிக்கும் வந்தது. இத்தாலியிலிருந்து 1928-ல் பெங்களூருக்கு வந்து சேர்ந்தது. கப்பி அதற்கு முன்பே, 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இந்தியாவுக்குள் நுழைந்துவிட்டது. கொசுவைக் கொல்லும் மருந்துகள் அதிகம் இல்லாத காலத்தில், புழு தின்னும் ஒரு சின்ன மீன் பெரிய நம்பிக்கையாகத் தெரிந்ததில் ஆச்சரியமில்லை. ரஷ்யாவின் சோச்சி நகரில் மலேரியாவை விரட்டியதற்காகக் கம்பூசியாவுக்குச் சிலையே இருக்கிறது. அந்த ஊரில் சதுப்பு நிலங்களை வடித்ததும் யூகலிப்டஸ் நட்டதும் சேர்ந்துதான் மலேரியா போனது. சிலை மீனுக்கு மட்டும் கிடைத்தது.

மீனால் மலேரியா குறைகிறதா என்று உலகெங்கும் நடந்த ஆய்வுகளை, மருத்துவச் சான்றுகளைச் சீர்தூக்கும் காக்ரேன் அமைப்பு 2013-லும் 2017-லும் சலித்துப் பார்த்தது. மீன் விட்ட ஊரில் மக்களுக்கு மலேரியா குறைந்தது என்று ஒழுங்காக அளந்து காட்டிய ஆய்வு ஒன்றுகூட அந்தச் சல்லடையில் நிற்கவில்லை. சில இடங்களில் புழுக்கள் குறைந்தன, அவ்வளவே. நூறு ஆண்டுகளாகக் கண்டம் விட்டுக் கண்டம் கொண்டுபோய்க் கொட்டிய ஒரு மீனுக்கு இதுதான் சான்று நிலவரம் என்பதை நம் சுகாதார அதிகாரிகள் மனதில் இருத்த வேண்டும்.

மீனால் எங்கும் பயனில்லை என்று சொல்ல மாட்டேன். கர்நாடகத்தின் கோலார் மாவட்டத்தில் கிணறுகளில் கப்பியை விட்டு, மற்ற வேலைகளையும் சேர்த்துச் செய்தபோது மலேரியா இறங்கியதைத் தேசிய மலேரியா ஆராய்ச்சி நிறுவனத்தினர் பதிவு செய்திருக்கிறார்கள். அங்கே குலிசிஃபேசிஸ் முக்கியமாகக் கிணற்றில் பிறந்தது. நாலு பக்கமும் சுவர், வற்றாத நீர், மீன் தப்பிப் போக வழியில்லை. கொசு பிறக்கும் இடம் எது, அது மூடிய நீரா, ஓடும் நீரா என்று பார்த்துச் செய்த வேலை அது. எருத்தேம்பதியில் தென்னந்தோப்புக்கு நடுவே தார்ப்பாய் விரித்துக் கட்டிய பண்ணைக் குட்டைக்கு அந்த முறை பொருந்தலாம். மூலத்தறை வாய்க்காலுக்குப் பொருந்தாது, மறையூர் ஓடைக்கு ஒருபோதும் பொருந்தாது.

ஓடைக்குள் ஓர் அந்நியன்

கம்பூசியா முட்டையிடுவதில்லை, குட்டி போடும். ஏறத்தாழ மாதத்துக்கு ஒரு ஈற்று. ஒருமுறை சேர்ந்த ஆணின் விந்தைப் பெண் மீன் உடலிலேயே சேமித்துவைத்து அடுத்தடுத்த ஈற்றுக்குப் பயன்படுத்திக்கொள்ளும். ஆகவே ஒரே ஒரு சினை மீன் தப்பினாலும் போதும், ஓர் ஓடை நிரம்பிவிடும். சூடு, அழுக்கு, உயிர்வாயுக் குறைவு எதற்கும் அசையாது. கொசுப்புழுவை மட்டும் தின்று வாழும் மீனும் அல்ல. தவளைக் குஞ்சு, மற்ற மீன்களின் முட்டை, தட்டான் பூச்சியின் இளம்புழு, நீர்ப்பூச்சிகள், கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் எல்லாமே அதற்கு இரை. தன்னைவிடப் பெரிய மீனின் துடுப்பையும் கடித்துக் கிழிக்கும். தட்டானின் புழுவும் நீர்ப்பூச்சியும் கொசுப்புழுவைத் தின்பவை. அவற்றை ஒழித்துவிட்டுக் கம்பூசியாவைக் கொண்டாடுவது என்ன கணக்கு?

கலிபோர்னியாவில் செய்த ஒரு சோதனையின் முடிவு 1972-ல் வெளியானது. கம்பூசியா விட்ட குட்டைகளில் பாசியைத் தின்னும் நுண்ணுயிர்கள் அழிந்து, தண்ணீர் பச்சைக் குழம்பாகிவிட்டது. உலக சுகாதார நிறுவனம் 1982-லிருந்து இந்த மீனைப் பரிந்துரைப்பதை நிறுத்திவிட்டது. உலகின் மிக மோசமான 100 அந்நிய உயிரினங்களின் பட்டியலில் இது இருக்கிறது. சென்னையில் தலைமையகம் கொண்ட நம்முடைய தேசியப் பல்லுயிர் ஆணையமும் கம்பூசியாவையும் கப்பியையும் அந்நிய ஆக்கிரமிப்பு இனங்களாகப் பட்டியலிட்டிருக்கிறது. ஓர் அரசு நிறுவனம் ஆபத்து என்று சொல்லும் மீனை இன்னொரு அரசுத் துறை லட்சக்கணக்கில் வளர்த்து நீர்நிலைகளில் விடுகிறது. ஆந்திரத்தில் 2023-ல் ஏறத்தாழ ஒரு கோடி கம்பூசியாக்களை விட்டார்கள். இது குறித்து 2025 தொடக்கத்தில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் மத்திய அரசிடம் விளக்கம் கேட்டது.

மேற்குத்தொடர்ச்சி மலையின் ஓடைகளில் வேறெங்கும் இல்லாத மீன்கள் இருக்கின்றன. தேக்கடியில் பெரியாற்று நீர்த்தேக்கத்திலும் அதில் வந்து சேரும் ஓடைகளிலும் மட்டுமே வாழும் லெபிடோபைகோப்சிஸ் என்ற மீன், சாதாக் கெண்டை, திலேப்பியா போன்ற வெளிநாட்டு மீன்களின் நெருக்கடியில் ஏற்கெனவே தவிக்கிறது. வளர்ப்புக் குளத்தில் விட்டது குளத்திலேயே இருக்கும் என்ற நம்பிக்கையை 2018 வெள்ளம் தகர்த்துவிட்டது. அமேசானில் வாழ வேண்டிய அராபைமா சாலக்குடி ஆற்றில் வலையில் சிக்கியது. ஆளுயரத்துக்கு வளரும் மீனே தப்பித்துப் போன வழியில் இரண்டு அங்குல மீன் எத்தனை போயிருக்கும்? மறையூர், காந்தளூர் வயல்களிலிருந்து வழியும் நீர் பாம்பாறு வழியாக அமராவதிக்குப் போகிறது. மேலே விடும் மீன் உடுமலைக்கு வந்துசேர அணையோ மாநில எல்லையோ தடையாக இருக்காது.

மீன்தான் வேண்டும் என்றால் நம் குளத்திலேயே இருக்கிறது. நெற்றியில் வெள்ளிப் பொட்டு மின்ன, நீர்ப்பரப்பை ஒட்டியே நீந்தும் சிறிய மீனைப் பாலக்காட்டுப் பிள்ளைகள் எல்லாருக்கும் தெரியும். மலையாளத்தில் மானத்துக்கண்ணி என்பார்கள். கொசுப்புழு மிதக்கும் அதே மேல்மட்டத்தில்தான் அது மேய்கிறது. வாய்க்காலில், வயலில், கோயில் குளத்தில் காலங்காலமாக வாழ்ந்த மீன். பூச்சிமருந்து அதைக் கொன்றது, குளத்தைத் தூர்த்தது விரட்டியது. போதாக்குறைக்குக் கம்பூசியாவும் கப்பியும் அதன் இரையைப் பங்குபோட வந்தன. தும்பை விட்டு வாலைப் பிடிக்கிறோம்.

இவ்வளவு கவலைப்பட இன்று மலேரியா எங்கே இருக்கிறது என்று கேட்கலாம். கேரளத்தில் 1965 வாக்கில் மலேரியா ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. இன்று அங்கே பதிவாகும் மலேரியாவில் பெரும்பகுதி வெளி மாநிலங்களில் தொற்றி வருவதுதான். இதில் மெத்தனமாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்குக் கண்ணெதிரே பாடம் உண்டு. நாடு முழுக்க 1961-ல் 50 ஆயிரம் பேர் அளவுக்குக் குறைந்திருந்த மலேரியா 1976-ல் 64 லட்சமாக ஏறியது. இலங்கையில் 1963-ல் வெறும் 17 பேருக்கு வந்த நோய், அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் லட்சக்கணக்கானோரைப் படுக்க வைத்தது.

கிருமி எங்கிருந்து வரும்? கஞ்சிக்கோடு தொழிற்பேட்டையிலும் சித்தூர் வட்டாரத் தோப்புகளிலும் ஒடிசா, ஜார்க்கண்ட் தொழிலாளர்கள் வேலை செய்கிறார்கள். மலேரியா இன்னும் மிஞ்சியிருக்கும் மாவட்டங்களிலிருந்து வருபவர்கள் அவர்களில் உண்டு. இடுக்கி ஏலத் தோட்டங்களுக்குப் போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் விடியற்காலையில் ஜீப்பில் நெருக்கியடித்து ஏறிப்போகும் பெண்கள், அதுபோன்ற வெளிமாநிலத் தொழிலாளர்களோடு ஒரே தோட்டத்தில் பகல் முழுதும் இருந்துவிட்டு மாலையில் தமிழ்நாட்டுக்குத் திரும்புகிறார்கள். இதில் யாரையும் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. வேலை தேடி வந்தவருக்குக் காய்ச்சல் வந்தால் அன்றே ரத்தம் எடுத்துப் பார்ப்பதும், வைவாக்ஸ் வகை என்றால் 14 நாள் பிரைமாகுவின் மாத்திரையை முழுதாகச் சாப்பிட வைப்பதும் அரசின் கடமை. பாதியில் விட்டால் கல்லீரலில் ஒளிந்திருக்கும் கிருமி மாதங்கள் கழித்து மறுபடி எழும். அதற்குள் அவர் எந்த மாநிலத்தில், எந்தத் தோட்டத்தில் இருப்பாரோ. கம்பம்மெட்டுக்கு மேலே எடுத்த ரத்தப் பரிசோதனையின் முடிவு கீழே உத்தமபாளையத்துக்குத் தெரிய வேண்டும். மீனாட்சிபுரத்தில் தெரிந்தது கொழிஞ்சாம்பாறைக்கும் பொள்ளாச்சிக்கும் ஒரே நாளில் தெரிய வேண்டும். தண்ணீருக்கு இரு மாநிலமும் கூட்டுக் குழு வைத்திருக்கின்றன. காய்ச்சலுக்கு ஒரு கூட்டுப் பதிவேடு வைப்பது அதைவிடக் கடினமான காரியமா?

வாய்க்காலைப் பொறுத்தவரை பொறுப்பு சுகாதாரத் துறையைவிடப் பாசனத் துறைக்குத்தான் அதிகம். அமெரிக்காவில் டென்னசி பள்ளத்தாக்கு அணைகளைக் கட்டியவர்கள் 1930-களிலேயே, நீர்மட்டத்தை அவ்வப்போது ஏற்றி இறக்கிக் கரையோரப் புழுக்களைத் தரையில் சிக்கவைத்துக் கொன்றார்கள். அணை இயக்கும் பொறியாளரின் வேலைப் பட்டியலிலேயே அது இருந்தது. இலங்கையின் வறண்ட பகுதியில், ஹுருளுவெவ ஏரிக்குப் போகும் யான் ஓயாவில், ஓட்டம் குறைந்து குட்டை குட்டையாக நிற்கும்போதுதான் குலிசிஃபேசிஸ் பெருகுகிறது என்று கண்டார்கள். மேலேயிருந்து விடும் நீரை முறைப்படுத்தினால் அந்தக் குட்டைகள் உருவாகாமல் தடுக்கலாம் என்று 1990-களில் பன்னாட்டு நீர் மேலாண்மை நிறுவனத்தினர் காட்டினார்கள். மருந்தும் வேண்டாம், மீனும் வேண்டாம். மதகைத் திறக்கும் கையும் மூடும் கையும் கொஞ்சம் யோசித்தால் போதும். அதே இலங்கை 2012 அக்டோபருக்குப் பிறகு உள்ளூரில் ஒரு மலேரியாகூடப் பரவாமல் காத்து, 2016-ல் உலக சுகாதார நிறுவனத்திடம் சான்று பெற்றது. மதகு ஒன்றால் மட்டும் வந்த வெற்றி அல்ல அது. ஒவ்வொரு நோயாளியையும் விரட்டி விரட்டிக் கண்டுபிடித்ததன் பலன்.

நெல் வயலுக்கும் வழி இருக்கிறது. காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் விடுவது நம் விவசாயிகளுக்குப் புதிதில்லை. புழு கொசுவாக ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். இடையில் சில நாள் வயலை ஈரம் மட்டும் இருக்கும்படி காயவிட்டால் புழு செத்துப்போகும். ரஸ்ஸல் குழு 1942-லேயே இதை எழுதிவிட்டது. விளைச்சல் குறையாது, தண்ணீர் மிச்சம். சித்தூர் விவசாயிகள் ஒவ்வொரு டிஎம்சிக்கும் போராடும் நிலையில், இதை மலேரியாவுக்காகச் சொல்லக்கூட வேண்டியதில்லை. ஆனால் முறைப்பாசனம் சரியாக நடந்தால்தான் இது நடக்கும். அடுத்த முறை தண்ணீர் எப்போது வரும் என்று தெரியாத விவசாயி, கிடைத்த நீரை வரப்பு முட்டத் தேக்கித்தான் வைப்பார். அவர் மேல் தப்பில்லை.

ஆகவே வலதுகரைக் கால்வாய் நீட்டிப்பில் மண் எடுக்கும் பள்ளங்களை மூடும் செலவும், கரைக் கசிவை வாங்கிக்கொண்டு போகும் வடிகாலும், மதகுக்குக் கீழே பள்ளம் விழாமல் போட வேண்டிய தளமும் மதிப்பீட்டிலேயே சேர வேண்டும். ஒப்பந்ததாரர் பில் வாங்கிப் போன பிறகு ஊராட்சியால் அதைச் செய்ய முடியாது. ஒவ்வொரு முறை மதகை அடைத்த பிறகும் ஒரு வாரத்துக்குள் பாசனத் துறையின் வாய்க்கால் காவலரான லஸ்கரும் சுகாதார ஆய்வாளரும் சேர்ந்து வாய்க்காலில் நடந்து, நீர் நிற்கும் இடங்களைக் குறித்துக் கொத்தி வடித்துவிட வேண்டும். மறையூர், வட்டவடை, சின்னாறு ஓடைகளிலும் அவற்றோடு சேரும் வாய்க்கால்களிலும் கம்பூசியாவையும் கப்பியையும் விடக் கூடாது என்று இரண்டு மாநில அரசுகளும் ஆணையிட வேண்டும். பண்ணைக் குட்டைக்கும் கிணற்றுக்கும் மீன் தேவைப்பட்டால், அந்தந்த ஊர்க் குளத்து மானத்துக்கண்ணியைப் பெருக்கித் தர மீன்வளத் துறைக்குப் பொறுப்பு கொடுக்கலாம். பட்டுக்கோட்டையில் தண்ணீர் வந்து, காய்ச்சல் வந்து, அதன் பிறகுதான் ஆராய்ச்சி வந்தது. எருத்தேம்பதிக்கும் வடகரப்பதிக்கும் கடைமடை வரை தண்ணீர் இன்னும் போய்ச் சேரவில்லை. மதிப்பீட்டைத் திருத்த இன்னும் அவகாசம் இருக்கிறது.